நீலச் சட்டையும் ஒரு சஹன் பிரியாணியும்

லீவில் ஊருக்குப் போகிறவன் கையில் யாரும் எதையும் கொடுத்தனுப்பக் கூடாது என்று ஷார்ஜாவில் ஒரு சட்டம் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும். சோப்பு, தைலம், டார்ச் லைட், எவனோ ஒருவனுடைய மச்சானுக்குக் கைக்கடிகாரம் என்று சுமந்து சுமந்து என் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இந்தத் தடவை என் அறைத் தோழன் ஜாஹிர் எல்லாரையும் மிஞ்சிவிட்டான். அவன் தன்னையே கொடுத்தனுப்பினான். சின்ன வீடியோ கேசட் ஒன்று. அதில் பதினோரு நிமிடம் அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். வேறு ஒன்றும் இல்லை.

"இதக் கொண்டுபோய் என் தங்கச்சி கல்யாண வீடியோவுல சேத்துடு கணேசா. நானும் அங்க உக்காந்து சாப்பிட்ட மாதிரி இருக்கணும்" என்றான்.

அவன் தங்கை ஷாஹிதாவின் கல்யாணம் இரண்டு மாதத்துக்கு முன்பு கூத்தாநல்லூரில் நடந்தது. ஜாஹிருக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அத்தா இல்லாத வீடு, மூத்தவன் இவன்தான். அவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் பிரியாணியைக் கொட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தாம்பாளத்துக்கே சஹன் என்றுதான் பெயர். மாப்பிள்ளையோடு ஒரே சஹனில் பெண்ணின் அண்ணன் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அன்று அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்களாம்.

எங்கள் அறையில் வீடியோ கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தொழில்நுட்ப நிபுணனும் நானே. பிழைப்புக்கு ஏ.சி. மெக்கானிக் என்றாலும் மனதுக்குள் நான் டைரக்டர். ஒரு ஆளை ஓர் இடத்தில் படம் பிடித்து வேறோர் இடத்தில் உட்கார வைக்கலாம், பின்னால் நீலத் துணி கட்டினால் போதும் என்று ஒரு எகிப்துக்காரன் எனக்குச் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டேன். மீதிப் பாதி என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

நீலக் கட்டில் விரிப்பு ஒன்றைச் சுவரில் கட்டினோம். ஒருவன் டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டான். ஜாஹிர் வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கைலி, தங்கை கல்யாணத்துக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருந்த புது அரைக்கைச் சட்டை சகிதம் உட்கார்ந்தான். தட்டில் இருந்தது குப்பூஸ் ரொட்டியும் பருப்பும். "பிரியாணின்னு நெனச்சுத் தின்னுடா" என்று உத்தரவிட்டேன். படுபாவி, என்னமாய் நடித்தான்! நடுவில் ஒரு எலும்பைக் கடித்துச் சப்பி, ஓரமாக எடுத்து வைப்பதுபோல் வைத்தான். பருப்பில் ஏது எலும்பு? நாங்கள் கைதட்டினோம்.

சட்டை இளநீலம். அதை யாரும் யோசிக்கவில்லை.

ஊர் வந்து இறங்கியதும், திங்கட்கிழமை, ஜாஹிர் வீட்டுக்காக மன்னார்குடிப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சாத்தூரில் இருக்கும் என் அம்மாவுக்கு, "விமானம் ஒரு வாரம் லேட்" என்று கடிதம் போட்டிருந்தேன். அம்மா அதை நம்பினார். எங்கள் ஊர் பஸ்ஸை வைத்துப் பார்த்தால் நம்பாமல் இருக்கக் காரணமில்லை.

எங்கள் பக்கத்தில் தண்ணீரைக் குடத்தில் பார்ப்போம், அதிர்ஷ்டம் இருந்தால் கிணற்றில் பார்ப்போம். இங்கே ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் கூடவே ஓடிவருகிறது. சம்பா அறுவடை நேரம். ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டது, மீதிப் பாதியைக் கதிர் அறுக்கும் மெஷின் ஒன்று அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போனது. அதன் பின்னால் எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. நான் ஆவேசமாகப் படம் பிடித்துத் தள்ளினேன்.

எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாள் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தார். "எம் மவன் மலேசியாவுல போயி மெஷின் ஓட்டுறான். இங்க எவனோ வந்து நம்ம வயல்ல மெஷின் ஓட்டுறான். ரெண்டு பேரும் அவுங்கவுங்க ஊர்லயே ஓட்டுனா ஆவாதா?" என்றார். கண்டக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோழிக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டார்.

ஜாஹிரின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வா தம்பி, எம் புள்ளயப் பாத்த கண்ணா இது" என்று என் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். மட்டன் பிரியாணி, தாளிச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, வறுத்த கோழி. மூன்று பேர் சாப்பாட்டை ஒற்றை ஆளாக முடித்தேன். அம்மா தனக்கு ஒரு கிண்ணத்தில் ரசம் சோறு கரைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"அம்மா பிரியாணி சாப்பிட மாட்டாங்களா?" என்று ஷாஹிதாவிடம் கேட்டேன். அவள் கீழ்வேளூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் அனுப்பியதைப் பார்க்க வந்திருந்தாள்.

"என் கல்யாணத்தன்னிக்கு நிறுத்துனாங்கண்ணே. எம் புள்ள சாப்பிடாத கல்யாணச் சோறு எனக்கு எதுக்குன்னுட்டாங்க. சரி, வீட்டுல சாப்பிடாம இருக்கட்டும். எங்க மாமியா வீட்டு விருந்துலயும் கை நனைக்காம எந்திரிச்சு வந்துட்டாங்க. எங்க மாமியா இன்னும் எனக்கு மொகங்குடுத்துப் பேசல. வர்ற ஞாயித்துக்கிழம திரும்ப கூப்புட்டிருக்காங்க. இந்தத் தடவயும் அம்மா சாப்பிடலன்னா நான் அங்க எப்படிண்ணே இருப்பேன்?"

அம்மா உள்ளிருந்து சொன்னார்: "எல்லாம் கேக்குதுடி. நான் என்ன வேணும்னா செய்யுறேன்? தொண்டைல எறங்கல. அவன் அந்த சஹன்ல உக்காந்து சாப்பிடுறதக் கண்ணால பாத்தா எறங்கும். மிக்ஸிங்குதான், நெசமில்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. சினிமாவுல ஆளு பறக்குறத நம்பியா பாக்குறோம்? இருந்தாலும் பாக்கணும்."

"கவலையே படாதீங்கம்மா. டெக்னாலஜி எவ்வளவோ வளந்துடுச்சு" என்றேன், வாயில் கோழிக்காலோடு.

செவ்வாய்க்கிழமை மன்னார்குடி. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது சேகரின் மிக்ஸிங் ஸ்டுடியோ. அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் அவர்தான். சினிமா டைரக்டர் ஆகக் கோடம்பாக்கம் போய், நாலு வருஷம் டீ குடித்துவிட்டுத் திரும்பியவர். திரையில் ஜோடியைப் பூ, பழம் என்று எதற்குள்ளாவது அடைப்பதில் வல்லவர்.

"இந்துக் கல்யாணம்னா தாமரை சார். கிறிஸ்டியன்னா மணி. முஸ்லிம்னா பிறை. ஆப்பிள் எல்லாருக்கும் பொது" என்று தன் கலைக்கொள்கையை விளக்கினார்.

என் சின்னக் கேசட் அவர் மெஷினில் நுழையவில்லை. கேமராவிலிருந்து ஒயர் கொடுத்து ஓட்ட வேண்டும். கேமராவின் பேட்டரி பஸ்ஸில் அறுவடை மெஷினோடு முடிந்துவிட்டது. சார்ஜரை எடுத்தால், ஷார்ஜா பிளக்குக்கு மூன்று சதுரக் கால், மன்னார்குடி சுவருக்கு மூன்று வட்ட ஓட்டை. ஊரில் இருந்த எலெக்ட்ரிக் கடை அத்தனையும் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பிளக்கை வாங்கிப் பார்த்து, "இது என்ன சார், பல்லு பெரிசா இருக்கு?" என்றார். சாயங்காலம் சேகர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரின் இரண்டு முனையையும் சுவர் ஓட்டையில் செருகி, விழாமல் இருக்க இரண்டு தீக்குச்சியை நுழைத்தார். கேமரா உயிர் பெற்றது. அன்றைய தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு தீக்குச்சி. தயவுசெய்து வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள்.

புதன்கிழமைதான் எகிப்துக்காரன் சொன்ன மீதிப் பாதி தெரியவந்தது.

சேகர் கல்யாண கேசட்டை ஒரு பக்கமும் ஜாஹிரை ஒரு பக்கமும் ஓட்டி ஒரு பித்தானை அழுத்தினார். நீல விரிப்பு மறைந்தது. அது இருந்த இடத்தில் கல்யாணப் பந்தல் வந்தது. நான் "ஆஹா" என்று கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது. ஜாஹிரின் தலை இருந்தது. தொப்பி இருந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு கை, கைலி மூடிய இரண்டு முழங்கால். நடுவில் ஆளைக் காணோம்.

"சார், சட்டை நீலமா?"

"ஆமா, இளநீலம். நல்ல சட்டை."

"நீலம் எங்க இருந்தாலும் மெஷின் தின்னுடும் சார். அதுக்கு விரிப்பு எது, சட்டை எதுன்னு தெரியாது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது மட்டுமா? சேகர் அவனை சஹனில் காலியாக இருந்த இடத்தில் உட்கார வைத்தார். ஜாஹிர் கொஞ்சம் பெரிதாக விழுந்ததால், சரியாக அவன் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் சஹன் வந்தது. மேலே தலை சாப்பிடுகிறது, கீழே வயிற்றில் பிரியாணி. மாப்பிள்ளையின் கை ஜாஹிர் வயிற்றுக்குள் போய் ஒரு கறித்துண்டை எடுத்துக்கொண்டு வந்தது. சேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தெப்பக்குளத்தில் தள்ளியிருப்பேன். தப்பு என்னுடையது என்பதால் தள்ளவில்லை.

"ஆப்பிள் போட்டுடலாமா சார்? வயித்த ஆப்பிள் மறைச்சுடும். சாப்பாட்டுல பழம் வச்சாங்கன்னு நெனச்சுப்பாங்க."

"ஆள் ஒசரத்துக்கு எவன்யா ஆப்பிள் வைப்பான்?"

"அப்ப பிறை?"

சோதனைக்குப் பதிவு செய்த அந்தக் கேசட்டை ஒரு மூலையில் வைத்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனோம்.

வியாழன் முகூர்த்த நாள். தாராசுரத்தில் ஒரு கல்யாணத்தை எடுக்கப் போன சேகர், மனசு சரியில்லாத என்னையும் கூட்டிப் போனார். சமையல்காரர்கள் போகிற வேன் அது. இடம் இல்லை. வழி முழுக்க நான் ஒரு சாம்பார் அண்டாவுக்குள் உட்கார்ந்து போனேன். சேகர் ஜோடிகளை ஆப்பிளுக்குள் அடைத்த பாவம் என்னைப் பிடித்தது.

தாராசுரம் கோயிலை ஒரு அங்குலம் விடாமல் படம் எடுத்தேன். பிறகு ஓட்டிப் பார்த்தால், நான் நிறுத்தினேன் என்று நினைத்தபோதெல்லாம் ஓடியிருக்கிறது, ஓடுகிறது என்று நினைத்தபோதெல்லாம் நின்றிருக்கிறது. கோயில் ஒரு நொடிகூட இல்லை. என் கால்கள் மட்டும் இருபது நிமிடம் நடக்கின்றன. அவ்வப்போது, "பிரமாதம், பிரமாதம்" என்று என் குரல் கேட்கிறது.

ஆனால் அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. சுவரில் ஒரு சின்னச் சிற்பம். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கின்றன, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. கரண்டே இல்லாத காலத்தில் கல்லிலேயே மிக்ஸிங் செய்திருக்கிறார்கள்! ஒருவர் தன் மனைவிக்கு மறைத்து மறைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா, "அப்ப உங்க தலைய எங்கண்ணன் உடம்புல வச்சா நல்லாருக்கும். கொஞ்சமாவது வேல செய்யும்" என்றார்.

நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன். தலை ஜாஹிருடையது, உடம்பு என்னுடையது!

வெள்ளிக்கிழமை ஜாஹிரின் பழைய பழுப்புச் சட்டையை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். என் தொப்பைக்குப் பித்தான் எட்டவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். தலையை நீலத் துண்டால் சுற்றிக்கொண்டு, எதுவும் தெரியாத இருட்டில், இல்லாத பிரியாணியைப் பதினோரு நிமிடம் சாப்பிட்டேன். சேகர் என் தலையை மெஷினுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, என் கழுத்தில் ஜாஹிரின் தலையை வைத்தார்.

தலை குனியும்போது கை தட்டில் இருந்தது. தலை நிமிர்ந்து மெல்லும்போது கை வந்து காதில் ஊட்டியது. ஒரு கவளம் மூக்குக்குப் போனது. நடுவில் என் மேல் பித்தான் ஒன்று தெறித்து மாப்பிள்ளை பக்கம் பறந்தது.

"தலை ஒரு கல்யாணத்துல சாப்பிடுது, கை வேற கல்யாணத்துல சாப்பிடுது சார்" என்றார் சேகர்.

"இன்னொரு தடவை எடுப்போம்" என்றேன். அதற்குள் கரண்ட் போனது. போனது ஒரு தடவை பளிச்சென்று திரும்பி வந்து, மறுபடி போனது. மெஷினிலிருந்து மெலிதாகப் புகை வந்தது. சேகர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு சரியில்லாத மாட்டைத் தடவுவதுபோல் தடவினார். சென்னையிலிருந்து சாமான் வந்தால்தான் இனி அது ஓடும். கையில் மிஞ்சியது புதன்கிழமை சோதனைக்கு எடுத்த அந்த வயிறில்லாத கேசட் ஒன்றுதான்.

சனிக்கிழமை முழுக்கப் பொய் தேடினேன். கேசட் தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா, பஸ்ஸில் கோழி கொத்திவிட்டது என்று சொல்லலாமா? அம்மாவோ அடுப்படியில் சம்பந்தி வீட்டுக்குத் தம்ரூட் கிளறிக்கொண்டிருந்தார். ரவையும் நெய்யும் பாலும் முட்டையும் சேர்ந்த வாசனை தெரு முழுக்க அடித்தது. "தம்பி, நாளைக்கு நான் சாப்பிட்டுடுவேன் பாரேன்" என்றார். எனக்கு அந்தத் தம்ரூட் தொண்டையில் நின்றது. இருந்தாலும் மூன்று துண்டு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சேகரையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கீழ்வேளூர் போனேன். கூடத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள், இரண்டு பக்கமும் பார்க்கட்டும் என்று நிலைவாசலில் டி.வி. இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். ஷாஹிதாவின் மாமியார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "கேசட்ட பாத்தாத்தான் சம்பந்தியம்மா சாப்பிடுவாங்களாமே, போடுங்க பாக்கலாம்" என்றார். ஷாஹிதா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

திரையில் மாப்பிள்ளை பிறையில் உட்கார்ந்து வந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஆப்பிளுக்குள் வந்தார். பிறகு சஹன் வந்தது.

தலை, தொப்பி, இரண்டு கை. வயிற்றில் பிரியாணி.

கூடத்தில் ஒரு பெரியவர், "என்னப்பா, பையனுக்கு நெஞ்சக் காணோம்?" என்றார். மாப்பிள்ளையின் கை உள்ளே போய்க் கறித்துண்டை எடுத்தது. "மச்சான் வயித்துலயே திருடுறாருடோய்!" என்று எவனோ கத்த, கூடம் முழுக்கச் சிரிப்பு. எழுந்து போய் வீடியோ டெக்கை நிறுத்தலாம் என்றால் நடுவில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இங்கிருந்து ஓடினால் சாத்தூர் எவ்வளவு நேரம் என்று யோசித்தேன்.

அப்போது நிலைவாசல் பக்கத்திலிருந்து ஜாஹிரின் அம்மா குரல் கேட்டது.

"எலும்ப ஒதுக்குறான் பாருடி ஷாஹிதா! சின்னதுலேருந்து இப்படித்தான். எலும்ப ஓரமா எடுத்து வச்சுட்டுத்தான் அடுத்த வாய் வைப்பான்."

சிரிப்பு நின்றது. திரையில் பரிமாறுகிற ஆள் வந்து, ஒரு பெரிய தட்டுப் பிரியாணியை சஹனில் கவிழ்த்தார். ஜாஹிரின் வயிறு கழுத்து வரை நிறைந்தது.

அம்மா எழுந்தேவிட்டார். டி.வி.க்குப் பக்கத்தில் போய், அந்த வயிற்றில் கையை வைத்தார்.

"சம்பந்தி, இங்க பாருங்க. எம் புள்ள வயித்துல சோறு தெரியுது. மூணு வருஷமா போன்ல, 'சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேம்மா'ங்கறான். எனக்கு எங்கேருந்து தெரியும்? இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். அல்ஹம்துலில்லாஹ். சஹன வைங்க."

அவர் அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தார். நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஷாஹிதாவின் மாமியார் தானே செம்பை எடுத்து வந்து அம்மாவின் கையில் தண்ணீர் ஊற்றினார். "என்ன சம்பந்தி, இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் உங்ககூட சாப்பிடாம இருந்திருப்பேன்ல" என்றார். இருவரும் ஒரே சஹனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நடுவில் ஷாஹிதா. அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அதைக் கேட்டு மாமியார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து ஷார்ஜாவுக்குப் பேசினேன். ஜாஹிர் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அம்மா சாப்பிட்டாங்களாடா?"

"ரெண்டு தடவ மறுசோறு வாங்குனாங்க. உப்பு கம்மின்னு சம்பந்தி வீட்டுலயே சொன்னாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கணேசா... அந்தப் புதுச் சட்டை எப்படி இருந்துச்சு? நல்லா தெரிஞ்சுதா?"

கண்ணாடிக்கு வெளியே சேகர் நின்று, சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டினார்.

"கீழ்வேளூரே உன் சட்டையப் பத்தித்தான்டா பேசுது" என்றேன்.